ஆங்கில வினைக்கு எத்தனை காலம்?

பள்ளியில் படித்த ஆங்கில இலக்கணத்தில் எதை மறந்தாலும் அந்தப் பன்னிரண்டு கட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மேலே பாஸ்ட், ப்ரெசென்ட், ஃப்யூச்சர் என்று மூன்று பத்தி. பக்கவாட்டில் சிம்பிள், கன்டினியுவஸ், பர்ஃபெக்ட், பர்ஃபெக்ட் கன்டினியுவஸ் என்று நான்கு வரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆங்கில வாக்கியம், அதன் கீழே தமிழ். முப்பது நாளில் ஆங்கிலம் கற்றுத் தருகிற புத்தகங்கள் இன்றும் இந்த ஒரு பக்கத்தை நம்பித்தான் விற்கின்றன.

சிக்கல் முதல் கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. ‘ஐ ஈட்’ என்று போட்டு எதிரே ‘நான் சாப்பிடுகிறேன்’ என்று எழுதியிருப்பார்கள். பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் ‘என்ன பண்றே?’ என்று போனில் ஒருவர் கேட்க, வாயில் இட்லியோடு நாம் சொல்கிற ‘சாப்பிடறேன்’ ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஈட்டிங்’. அப்படியானால் ‘ஐ ஈட்’டுக்குத் தமிழ் எது? டாக்டர் ‘மீன் சாப்பிடுவீங்களா?’ என்று விசாரிக்கிறார். ‘சாப்பிடுவேன் டாக்டர்’ என்கிறோம். இந்தச் ‘சாப்பிடுவேன்’தான் ‘ஐ ஈட்’. எதிர்கால வினைமுற்று என்று நாம் படித்தது, ஆங்கிலத்தின் சிம்பிள் ப்ரெசென்டுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்துகொள்கிறது. ‘பேங்கில் வேலை பார்க்கிறார்’ போன்ற இடங்களில் நம்முடைய நிகழ்காலமும் வரும்தான். ஆனாலும் பழக்கம், இயல்பு, ‘நான் இப்படிப்பட்ட ஆள்’ என்கிற தகவல் எல்லாவற்றையும் தமிழ் பெரும்பாலும் ‘-வேன், -பேன், -உம்’ என்றே சொல்கிறது. ‘நெருப்பு சுடும்’ என்பது நாளைய செய்தி இல்லை.

இன்னும் ஒரு படி உள்ளே போனால் வேடிக்கை கூடுகிறது. ‘தாத்தா தினமும் ஆற்றுக்குப் போய்த்தான் குளிப்பார்’ என்கிறோம். தாத்தா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். வினை மட்டும் எதிர்காலத்தில் நிற்கிறது. இதை ஆங்கிலேயர் எப்படிச் சொல்வார்? ‘கிராண்ட்ஃபாதர் வுட் பேத் இன் த ரிவர்’. இந்த ‘வுட்’, எதிர்காலத்துக்கு என்று நாம் மனப்பாடம் செய்த ‘வில்’லின் இறந்தகால வடிவம். ஒன்று திராவிட மொழி, இன்னொன்று ஜெர்மானிய மொழி. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இறந்துபோனவரின் பழக்கத்தைச் சொல்ல இரண்டும் எதிர்காலத்துக் கருவியையே எடுக்கின்றன.

வாசல் மணி அடிக்கிறது. எட்டிப் பார்க்காமலே ‘போஸ்ட்மேனாத்தான் இருக்கும்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘தேட் வில் பி த போஸ்ட்மேன்’. நாளைக்கு வரப்போகிற போஸ்ட்மேனைப் பற்றிய பேச்சில்லை. இந்த நொடியில் கதவுக்கு வெளியே நிற்பவரைப் பற்றிய ஊகம். இங்கேயும் ‘இருக்கும்’, அங்கேயும் ‘வில்’.

‘வில்’ எதிர்காலத்துக்கென்று பிறந்த சொல்லே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘விரும்பு’ என்று பொருள். ‘ஷேல்’ என்பது ‘கடன்பட்டிரு’. விரும்புகிறவன் செய்வான், கடன்பட்டவன் செய்தாக வேண்டும் என்ற வழியில்தான் இரண்டும் எதிர்காலத்துக்கு வந்து சேர்ந்தன. வினைச்சொல்லின் உடம்பில் ஏறி உட்காருகிற கால அடையாளம் என்று பார்த்தால் ஆங்கிலத்தில் இரண்டே இரண்டுதான்: ‘வாக்’, ‘வாக்ட்’. ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் என்று அந்தக் குடும்பமே இப்படித்தான். ‘வில்’ வினையோடு ஒட்டாமல் வெளியே நிற்கிற துணைவினை. ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’ ஆகியவற்றின் கூட்டாளி. ஆங்கிலத்தில் எதிர்காலம் என்று ஒரு டென்ஸே கிடையாது என்று டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன் வாதிட்டார். ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. ஆனாலும் மொழியியலாளர்களில் பெரும்பகுதியினர் இன்று அவர் பக்கம்தான்.

பிறகு மூன்று காலம் எப்படி வந்தது? லத்தீனிலிருந்து. ஆங்கிலத்துக்கு முதல் இலக்கணம் அச்சிட்டவர் வில்லியம் புல்லோக்கர், ஆண்டு 1586. அன்றைக்கு இலக்கணம் என்றாலே லத்தீன் இலக்கணம்தான். லத்தீன் வினைக்கோ எதிர்காலத்துக்குத் தனி விகுதியே இருந்தது. அந்தச் சட்டையை ஆங்கிலத்துக்கும் மாட்டிவிட்டார்கள். 1653இல் ஜான் வாலிஸ் வந்தார். முடிவிலிக்கு நாம் போடுகிற படுத்த எட்டு வடிவக் குறியைக் கணிதத்துக்குத் தந்தவர் இவரே. ஆங்கிலத்துக்கு இவர் எழுதிய இலக்கணம் லத்தீன் மொழியில் இருந்தது. தன்மைக்கு ‘ஷேல்’, முன்னிலைக்கும் படர்க்கைக்கும் ‘வில்’. உறுதிமொழி என்றால் அப்படியே தலைகீழ் என்ற விதி அவருடையது. அவருக்குப் பின் பல தலைமுறை மாணவர்கள் அதற்காக அடி வாங்கியிருப்பார்கள். தெருவில் பேசிய ஆங்கிலேயர் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எதிர்கால டென்ஸ் இல்லை என்றதும் ஆங்கிலேயருக்கு நாளை என்பதே இல்லையோ என்று நினைத்துவிடக் கூடாது. நாளையைப் பற்றிப் பேச அவர்களிடம் நாலைந்து வழி இருக்கிறது. எது என்பதை நிர்ணயிப்பது நாளை அல்ல, இன்றைக்குக் கையில் இருக்கும் ஆதாரம். கால அட்டவணையில் அச்சாகிவிட்டதா? ‘த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ’, சிம்பிள் ப்ரெசென்டே போதும். பேசி முடித்துவிட்ட சந்திப்பா? ‘ஐ ஆம் மீட்டிங் ஹெர் டுமாரோ’. வானம் கறுத்துக்கொண்டு வருகிறதா? ‘இட் இஸ் கோயிங் டு ரெயின்’. போன் அடித்ததும் ‘நான் எடுக்கிறேன்’ என்று எழுந்திருப்பவர் ‘ஐ வில் கெட் இட்’ என்பார். ‘ஐ ஆம் கோயிங் டு கெட் இட்’ என்றால், மணி அடிப்பதற்கு முன்பே திட்டம் போட்டு உட்கார்ந்திருந்த மாதிரி ஆகிவிடும்.

ஆங்கிலத்துக்கு என்று நிஜமாகவே சொந்தமான காலம் இறந்தகாலம்தான். அதில்தான் நாம் வியர்த்தோம்: கோ, வென்ட், கான், சிங், சேங், சங். இந்த அடங்காத வினைகள் ஏன் இருக்கின்றன என்பதற்கு 2007இல் ‘நேச்சர்’ இதழில் ஹார்வர்டைச் சேர்ந்த ஒரு குழு கணக்குப் போட்டுக் காட்டியது. பழைய ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட 177 வினைகளை எடுத்துக்கொண்டார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 மிஞ்சின, இன்று 98. மற்றவை ‘-எட்’ போட்டுக்கொண்டு ஒழுங்குக்கு வந்துவிட்டன. ‘ஹெல்ப்’பின் இறந்தகாலம் ஒருகாலத்தில் ‘ஹோல்ப்’. ஒழுங்குக்கு வரும் வேகத்திலும் ஒரு விதி இருந்தது: நூறில் ஒரு பங்கே புழங்குகிற வினை, பத்து மடங்கு விரைவாக அடங்குகிறது. கதிரியக்கத் தனிமங்களுக்குச் சொல்வதுபோல வினைகளுக்கும் அரை ஆயுள் கணக்கிட்டார்கள். அடுத்து அடங்கப்போவது ‘வெட்’, அதாவது ‘மணம்புரி’, என்பது அவர்கள் ஊகம். அதிகம் புழங்கும் முதல் பத்து ஆங்கில வினைகள் அத்தனையும் அடங்காதவை. தினமும் வாயில் வருவது திருத்தத்துக்கு உட்படுவதில்லை.

அந்த இறந்தகாலமும் எப்போதும் இறந்ததைச் சொல்வதில்லை. ‘இஃப் ஐ நியூ த ஆன்ஸர், ஐ வுட் டெல் யூ’. விடை தெரியாமல் இருப்பது இன்றைக்கு, வினை மட்டும் நேற்றில் நிற்கிறது. உண்மையிலிருந்து விலகியதை ஆங்கிலம் காலத்தில் விலக்கி வைத்துக் காட்டுகிறது. மரியாதையும் அப்படியே. ‘ஐ வான்டெட் டு ஆஸ்க் யூ சம்திங்’ என்று தயங்குகிறவருக்கு வேண்டியது இப்போதுதான். இறந்தகாலத்தில் போட்டால் கோரிக்கையின் கூர் மழுங்கிவிடுகிறது. கேட்பவர் மறுக்கவும் இடம் கிடைக்கிறது.

இதை அந்நிய வினோதம் என்று தள்ள முடியாது. வந்தேன் – வந்தால், போனேன் – போனால், படித்தேன் – படித்தால். நம்முடைய ‘ஆல்’ இறந்தகாலத் தண்டின்மேல்தான் ஏறுகிறது. ‘நாளைக்கு மழை வந்தால்’ என்பதற்குள் ‘வந்த’ இருக்கிறது; காது பழகிவிட்டதால் யாரும் திடுக்கிடுவதில்லை. வேறுபாடு ஒன்றுதான். நாம் எல்லா நிபந்தனைக்கும் இதையே போடுகிறோம். ஆங்கிலம் நடக்கக்கூடியதற்கு ‘இஃப் ஹி கம்ஸ்’ என்றும், சந்தேகமானதற்கு ‘இஃப் ஹி கேம்’ என்றும் பிரித்துக்கொள்கிறது. சட்டையை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர் ‘இதோ வந்துட்டேன்’ என்று கத்துவதையும் சேர்த்துக்கொள்ளலாம். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் காலம் மாறி வரலாம் என்று 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் அனுமதி கொடுத்திருக்கிறார். சட்டை தேடுகிறவர் முதல் காரணத்தில் அடங்குவார்.

கன்டினியுவஸ் பற்றிக் கொஞ்சம். நம் ஊர் ஆங்கிலத்தைக் கிண்டல் செய்கிறவர்கள் முதலில் எடுப்பது ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பதைத்தான். நிஸிம் எசேக்கியல் இதை வைத்தே கவிதை எழுதினார். ஆனால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி. ஏன்? தத்துவவாதி ஸெனோ வெண்ட்லர் 1957இல் ஒரு கட்டுரையில் வினைகளை அவற்றின் உள் அமைப்பை வைத்து நான்காகப் பிரித்தார். ஓடுவது, வீடு கட்டுவது போன்றவை கட்டம் கட்டமாக நடப்பவை. அறிவது, நம்புவது, உடைமையாயிருப்பது போன்றவற்றுக்கு உள்ளே கட்டம் கிடையாது. காலையில் ஆரம்பித்துப் பாதி தெரிந்து, மதியம் முழுவதும் தெரிந்து முடிகிற காரியமில்லை அது. ‘-இங்’ நடந்துகொண்டிருப்பதன் நடுவில் போய் நிற்கிற வடிவம்; நடு என்று ஒன்று இல்லாத இடத்தில் அதற்குக் கால் வைக்க முடியாது. சாப்பாட்டுக்கு நடு உண்டு, தம்பிகளுக்கு இல்லை.

இதைத் தெரிந்துகொண்டே மீறினால் புதிய பொருள் கிடைக்கும். ‘யூ ஆர் ரூட்’ என்றால் நீ முரடன், பிறவிக் குணம். ‘யூ ஆர் பீயிங் ரூட்’ என்றால் இந்த நிமிஷம் முரட்டுத்தனமாக நடக்கிறாய், நிறுத்திக்கொள்ளலாம். சண்டை போடுகிறவர்களுக்கு மிகவும் பயன்படுகிற வேறுபாடு. மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2003இல் ‘ஐ ஆம் லவிங் இட்’ என்று உலகமெங்கும் விளம்பரம் போட்டபோதும் இதே வேலைதான்: அன்பு என்ற நிலையை, மெல்ல மெல்ல நடக்கிற செயலாக்கிவிட்டார்கள்.

‘த ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்’ என்று இன்று பள்ளியில் கேள்வியே இல்லாமல் கற்றுத் தருகிறோம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஆங்கிலத்தில் இந்த வடிவம் அனேகமாக இல்லை. ‘த ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்பார்கள், வீடு தன்னைத்தானே கட்டிக்கொள்வதுபோல. புதிய வடிவம் வந்ததும் 19ஆம் நூற்றாண்டின் இலக்கணக்காரர்கள் அசிங்கம் என்றும் மொழியின் சீரழிவு என்றும் திட்டித் தீர்த்தார்கள்.

இனி பர்ஃபெக்ட். பன்னிரண்டில் தமிழர்களை அதிகம் படுத்துவது இதுதான், அதிக சுவாரசியமும் இதுதான்.

‘ஐ லாஸ்ட் மை கீ’ என்கிறவர் ஒரு பழைய கதை சொல்கிறார். சாவி அப்புறம் கிடைத்திருக்கலாம், பூட்டையே மாற்றியிருக்கலாம். ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்கிறவர் இப்போது பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறார். தமிழில் ‘சாவியைத் தொலைச்சேன்’, ‘தொலைச்சுட்டேன்’ என்பதற்குள்ள வேறுபாடு இதற்குப் பக்கத்தில் வரும். நிகழ்ச்சி ஒன்று, கடிகாரத்தில் நேரமும் ஒன்று. டென்ஸ் மட்டும் ஏன் இரண்டு?

இதற்கு அழகான விளக்கம் இலக்கணக்காரர்களிடமிருந்து வரவில்லை. ஹான்ஸ் ரெய்கன்பாக் இயற்பியலைச் சிந்தித்த தத்துவவாதி. ஐன்ஸ்டைன் பெர்லினில் சார்பியல் நடத்திய வகுப்பில் அமர்ந்து கேட்டவர். 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி இஸ்தான்புல்லுக்குப் போனார். பிறகு 1938இல் லாஸ் ஏஞ்சலஸ் சேர்ந்தார். 1947இல் வெளியான அவருடைய குறியீட்டுத் தர்க்க நூலின் சில பக்கங்களில் ஆங்கில டென்ஸ் வருகிறது. பேசும் நேரம், நிகழ்ந்த நேரம் என்று இரண்டு புள்ளி போதாது, மூன்றாவது ஒன்று வேண்டும் என்றார். பேசுகிறவரின் மனம் எந்த நேரத்தில் போய் நின்று நிகழ்ச்சியைப் பார்க்கிறது என்பதுதான் அது. ‘ஐ லாஸ்ட்’ என்னும்போது மனம் தொலைத்த இடத்துக்கே போய்விடுகிறது. ‘ஐ ஹேவ் லாஸ்ட்’ என்னும்போது மனம் இங்கேயே நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கிறது. ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’ என்பதில் மூன்றும் தனித்தனி: இப்போது பேசுகிறோம், மனம் ஸ்டேஷன் வாசலில் மூச்சு வாங்க நிற்கிறது, ரயில் அதற்கும் முன்பே போய்விட்டது. சார்பியல் படித்தவர் காலத்தைப் பார்ப்பவரின் நிலையோடு சேர்த்து யோசித்ததில் ஆச்சரியமில்லை.

‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ ஏன் தப்பு என்பது இப்போது விளங்கும். ‘ஹேவ் சீன்’ மனத்தை இன்றில் நிறுத்துகிறது. ‘எஸ்டர்டே’ அதை நேற்றுக்கு இழுக்கிறது. இரண்டு இடத்தில் நிற்க முடியாது. ‘டுடே’, ‘திஸ் வீக்’ என்றால் பிரச்சினையே இல்லை. ‘திஸ் மார்னிங்’ இன்னும் நுட்பம்: பதினோரு மணிக்கு ‘ஐ ஹேவ் ஹேட் டூ காஃபிஸ் திஸ் மார்னிங்’ என்னலாம், ஏனென்றால் காலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாலை நாலு மணிக்கு அதே ஆள் ‘ஐ ஹேட்’ என்றே சொல்வார். ரெய்கன்பாக்கின் கணக்கு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 1992இல் மொழியியலாளர் வோல்ஃப்காங் கிளைன் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இது ஒரு புதிர்தான். ஆனாலும் பாடம் நடத்த இதைவிடத் தெளிவான வழியை நான் பார்த்ததில்லை. பள்ளிப் புத்தகங்கள் ஏன் இதைத் தொடுவதில்லை என்பது விளங்கவில்லை.

நாம் ‘எஸ்டர்டே’யில் இடறுவதற்கு அறியாமை மட்டும் காரணமில்லை. விடியற்காலையில் கதவைத் திறந்தால் முற்றம் நனைந்திருக்கிறது. ‘ராத்திரி மழை பெஞ்சிருக்கு’ என்கிறோம். மழையை நாம் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்க்கிறோம். நேரில் கண்டவர் ‘மழை பெஞ்சுது’ என்பார். அதாவது நம்முடைய ‘இருக்கு’ காலத்தோடு ஆதாரத்தையும் சொல்கிறது, ராத்திரி என்ற சொல்லோடு அதற்குச் சண்டை இல்லை. ஆங்கிலத்தின் ‘ஹேஸ் ரெயின்ட்’டுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்று ‘மஸ்ட்’டைத் துணைக்கு அழைக்க வேண்டும். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும்கூட ஆங்கிலம் பேசும்போது இதே இடத்தில் இடறுவார்கள். அவர்கள் பேச்சுமொழியில் இதே ‘ஹேவ்’ வடிவம் சாதாரண இறந்தகாலமாகவே ஆகிவிட்டது; ‘நேற்று’ தாராளமாக வரும்.

இறந்தவர்களிடமும் ஆங்கில பர்ஃபெக்ட் கறாராக இருக்கிறது. நோம் சாம்ஸ்கி காட்டிய உதாரணம்: ‘ஐன்ஸ்டைன் ஹேஸ் விசிட்டெட் பிரின்ஸ்டன்’ என்றால் காதில் இடறுகிறது, ஏனென்றால் ஐன்ஸ்டைன் 1955இலேயே இறந்துவிட்டார். அதையே புரட்டி ‘பிரின்ஸ்டன் ஹேஸ் பீன் விசிட்டெட் பை ஐன்ஸ்டைன்’ என்றால் பரவாயில்லை, பிரின்ஸ்டன் இருக்கிறதே. ‘காந்தி பலமுறை மதுரைக்கு வந்திருக்கிறார்’ என்று நாம் கூசாமல் சொல்லலாம். ஆங்கிலத்தில் அவருக்கு ‘விசிட்டெட்’ மட்டும்தான்.

பர்ஃபெக்டும் சிம்பிள் பாஸ்டும் பிரிகிற இடத்தை இன்று கையில் கிடைக்கிற ஆங்கில நாளிதழிலேயே சோதித்துப் பார்க்கலாம். முதல் வரி பெரும்பாலும் ‘போலீஸ் ஹேவ் அரெஸ்டெட் த்ரீ மென்’ என்று பர்ஃபெக்டில் வரும், செய்தி சூடாக இருக்கிறது என்பதற்காக. இரண்டாம் வரியிலேயே ‘தே வேர் காட் நியர் த பஸ் ஸ்டாண்ட்’ என்று சிம்பிள் பாஸ்டுக்கு இறங்கிவிடுவார்கள்; இனி கதை, இடமும் மணியும் வேண்டும். தலைப்பிலோ மூன்றாவது ஒன்று: ‘த்ரீ அரெஸ்டெட்’ என்று துணைவினையே இல்லாமல், அல்லது ‘போலீஸ் அரெஸ்ட் த்ரீ’ என்று நிகழ்காலத்தில். ஒரே கைது, ஒரே பக்கத்தில் மூன்று காலம்.

அமெரிக்கர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். லண்டன்காரர் ‘ஹேவ் யூ ஈட்டன் எட்?’ என்று கேட்கும் இடத்தில் ‘டிட் யூ ஈட் எட்?’ என்று முடித்துக்கொள்வார்கள். ஹாலிவுட் படம் பார்த்து ஆங்கிலம் பழகுகிறவர்கள் இலக்கண வாத்தியாரிடம் திட்டு வாங்குவது இதனால்தான்.

‘எஸ்டர்டே’க்குப் போட்ட பூட்டும் நிரந்தரம் என்று தோன்றவில்லை. பிரிட்டனில் கால்பந்து வீரர்கள் ஆட்டம் முடிந்து மைக் முன்னால் நிற்கும்போது, போட்ட கோலை ‘ஹி ஹேஸ் கிராஸ்ட் இட் அண்ட் ஐ ஹேவ் ஹெடெட் இட் இன்’ என்று வர்ணிப்பதை மொழியியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் போலீஸ் அதிகாரிகள் செய்தியாளர்களிடம் திருட்டை விவரிக்கும்போது ‘த மேன் ஹேஸ் தென் ஃப்ளெட்’ என்று, ‘தென்’ போட்டு வரிசையாகக் கதை சொல்வதையும் பதிவு செய்திருக்கிறார்கள். பிரெஞ்சும் ஜெர்மனும் போன பாதையில் ஆங்கிலத்தின் சில ஓரங்களும் நகர்கின்றன போலும். அதே வாக்கியத்தைப் பத்தாம் வகுப்பு விடைத்தாளில் எழுதினால் சிவப்பு மையில் சுழித்து அரை மதிப்பெண் குறைத்துவிடுவார்கள். இப்போதைக்கு அது நியாயம்தான்.